பட்டறை வாசலில் ஒரு தகரப் போர்டு

எங்கள் பட்டறையின் இரும்புக் கேட்டில் ஒரு தகரப் போர்டு தொங்கும். ஒரு பக்கம் 'லேத் ஆட்கள் தேவை' என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கும். மறுபக்கம் எதுவும் இருக்காது, வெறும் துரு. ஆர்டர் இருந்தால் எழுத்து தெருவைப் பார்க்கும். ஆர்டர் இல்லையென்றால் அப்பா அதைத் திருப்பித் தொங்கவிடுவார். கழற்றி உள்ளே வைக்க மாட்டார். "கழட்டி வெச்சுட்டா மறுக்கா மாட்டறதுக்கு மனசு வராது கண்ணு" என்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானும் தம்பியும் தெருமுனையிலிருந்தே அந்தப் போர்டைப் பார்ப்போம். எழுத்து தெரிந்தால் அன்றைக்கு பேக்கரியில் தேங்காய் பன் கேட்கலாம். துரு தெரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. பணவீக்கம், மந்தநிலை என்றெல்லாம் பிற்பாடு டிப்ளமோ வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்தத் தகரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பட்டறை இருப்பது கணபதியில். கோவையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு லேத் சத்தம் கேட்கும். முன்பக்கம் ஷெட், பின்பக்கம் குடித்தனம். பம்பு செட், கிரைண்டர், டெக்ஸ்டைல் மெஷின் என்று பெரிய கம்பெனிகள் பெயர் போட்டு விற்கும் சாமான்களின் உள்ளே இருக்கும் ஷாஃப்ட், புஷ், ரோலர் எல்லாம் இப்படிப்பட்ட சந்துகளில் கடைசல் பிடிக்கப்பட்டவைதான். இதற்குப் பெயர் ஜாப் ஆர்டர். இரும்பு அவர்களுடையது, மெஷினும் கையும் நம்முடையது. ஒரு பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. கம்பெனிக்குத் தும்மல் வந்தால் முதலில் காய்ச்சலில் படுப்பது நாங்கள்தான்.

2025 ஆகஸ்ட் 27-ம் தேதி நான் சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்து '50% வரி: திருப்பூருக்கு என்ன ஆகும்?' என்று ஒரு செய்தித் தொகுப்பு தட்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 7-ம் தேதி 25 சதவிகிதமாக வந்த அமெரிக்க வரி, அன்றிலிருந்து இரட்டிப்பாகியிருந்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. இதையெல்லாம் எழுதி, ஒரு கன்டெய்னர் படத்தையும் வைத்து, பப்ளிஷ் பட்டனைத் தட்டிவிட்டு ஹாஸ்டலுக்கு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு அம்மா போன் செய்தார்.

"போர்டைத் திருப்பிட்டாரு உங்கப்பா."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நாங்கள் பனியன் தைப்பவர்கள் இல்லையே? பிறகுதான் உறைத்தது. எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் கொடுக்கும் கம்பெனி, திருப்பூர் ஆலைகளுக்கு மெஷின் ஸ்பேர்ஸ் செய்து கொடுக்கிற கம்பெனி. ஏற்றுமதி ஆர்டர் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் அங்கே யாரும் புது ரோலர் வாங்க மாட்டார்கள், பழையதையே ஓட்டுவார்கள். நான் எழுதிய செய்தியின் கடைசி வரி எங்கள் வீட்டு வாசலில் போய் முடிந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாமலேயே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மாதம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு பில் போட்டுக்கொண்டிருந்த பட்டறை, அந்த மாதம் எழுபதாயிரத்தைத் தாண்டாது என்று அப்பா சொன்னார். மூன்று லேத்தில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் ஷீட் போட்டேன். படித்த பிள்ளை வேறு என்ன செய்யும்?

வேலை செய்பவர்கள் மூன்று பேர். முதல் வரிசையில் டர்னர் மாமா. அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் தெருவில் யாருக்கும் அது தெரியாது. நாள் கூலி 850 ரூபாய். இரண்டாவது பீகாரிலிருந்து வந்த தம்பி, வயது 22, வந்து இரண்டு வருடம் ஆகிறது, 750 ரூபாய். மூன்றாவது டிரில்லிங் மெஷினில் நிற்கும் தேனி அக்கா, 500 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் சனிக்கிழமை 12,600 ரூபாய் கையில் வேண்டும். அதோடு ஷெட் வாடகை, கரன்ட் பில், டூல், கூலன்ட், மூன்றாவது லேத் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. எப்படிக் கூட்டினாலும் ஒரு ஆள் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். அப்போது நடைமுறையில் இருந்த 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டியிருந்தது. அதோடு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டியிருந்தது. டர்னர் மாமா வந்தது 1998-ல். 27 வருடம். 405 நாள் கூலி. 3,44,250 ரூபாய். பீகார் தம்பிக்கு 30 நாள், 22,500 ரூபாய். கடைசியில் வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தம்பியின் வரிசைக்கு சிவப்பு அடித்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நெம்ப நல்லா போட்டிருக்கற. ஆனா ஒரு ஆளை உட்டுட்டியே?"

"யாருப்பா?"

"நான்தான். என்ற சம்பளம் எங்க?"

உண்மைதான். அவர் வாரா வாரம் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை நான் செலவாகவே கணக்கு வைக்கவில்லை. அது அவருடையது, அது எப்படிச் செலவாகும் என்று நினைத்துவிட்டேன். "மொதல்ல அதை வெட்டு. அதுக்கப்புறமும் பத்தலைன்னா கீழ வா" என்று சொல்லிவிட்டு கூலன்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் அப்பாவை ஒரு தியாகியாகக் காட்டிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். படிக்கிற உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னதையும் எழுத வேண்டும். "உங்கப்பா சம்பளத்தை வெட்டறதுன்னா என்னன்னு தெரியுமா அம்மிணி? மளிகைக் கடைக்காரன்கிட்ட நான் போய் நிக்கோணும்னு அர்த்தம். 2020-ல ஊரடங்குக்கு எல்லாத்துக்கும் அரைச் சம்பளம் குடுத்தாரே, எதுல குடுத்தாரு? என்ற வளையல்ல. அது இன்னும் அடகுக் கடையிலதான் இருக்குது."

அம்மாவின் வளையல்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எங்கள் ஊரில் சின்னத் தொழில் நடத்தும் முக்கால்வாசி வீடுகளில் நெருக்கடிக் கால மூலதனம் அதுதான். தொழில் நலிவு பற்றி நடக்கும் கூட்டங்களில் மேடையில் உட்காருபவர்கள் ஆண்கள். வட்டி கட்டப் போய் வரிசையில் நிற்பவர்கள் வேறு.

அப்பா எப்போதுமே இப்படி இருந்தவரும் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

2012-ம் வருடம். எனக்கு 13 வயது. 2008-லேயே தொடங்கிவிட்ட மின்வெட்டு அந்த வருடம் உச்சத்துக்குப் போனது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்கு 12 மணி நேரம், 14 மணி நேரம். ஆர்டர் இருந்தது, ஆள் இருந்தார்கள், கரன்ட் இல்லை. ராத்திரி எந்த நேரத்தில் வந்தாலும் மெஷினை ஓட்டலாம் என்று பட்டறைக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்துக் கிடப்பார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் கூலி டீசலுக்கே போய்விடும். மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, அப்பா இரண்டு ஹெல்பர் அண்ணன்களை நிறுத்தினார். நோட்டீஸும் கிடையாது, கணக்கும் கிடையாது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது "திங்கக்கெழமை வர வேண்டாம்ப்பா, சொல்லி அனுப்பறேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து அதில் ஒரு அண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் சீப்பு வாழைப்பழம். அப்பா உள் அறையில் இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கையை ஆட்டினார். நான் வாசலுக்குப் போய் "அப்பா இல்லீங்கண்ணா" என்றேன். அவர் வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு "சரி பாப்பா" என்று போய்விட்டார்.

அந்தப் பழத்தை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா யாரையும் நிறுத்தவில்லை.

2016 நவம்பர் 8-ம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வாரத்துச் சம்பளம் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வங்கியில் வாரத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அப்பா ஒரு வங்கியில், அம்மா ஒரு வங்கியில் என்று காலையிலிருந்து வரிசையில் நின்று ஒருவழியாகச் சமாளித்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. இரும்பைக் கண்ணால்கூடச் சொந்தமாகப் பார்க்காத ஜாப் ஆர்டர் கூலிக்கு 18 சதவிகிதம் வரி. கத்திக் கத்தி 2019-ல்தான் 12 ஆகக் குறைந்தது. 2022-ல் கரன்ட் கட்டணத்தோடு நிலைக் கட்டணமும் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு அது. 2023 செப்டம்பர் 25-ம் தேதி தமிழ்நாடு முழுக்கச் சிறு, குறு தொழில்கள் ஒருநாள் கதவடைப்பு செய்தபோது எங்கள் பட்டறையும் மூடியிருந்தது. "வேலை இல்லாத நாள்ல கதவடைப்புப் பண்ணறது சுலுவு" என்று டர்னர் மாமா சொன்னதாக அம்மா சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கதவடைப்பு நாளில் நான் பட்டறையில்தான் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பது வேறு கதை.

அப்போது நான் ஒரு வீடியோ செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஆன்லைன் மீட்டிங் என்று அழைப்பு வந்தது. பதினைந்து பேர் இருந்தோம். 'சந்தை சூழல்', 'கடினமான முடிவு' என்று யாரோ ஒருவர் படித்தார். பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சாயந்திரத்துக்குள் லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. எங்களோடு பேசியவரின் கேமரா ஆஃப் செய்யப்பட்டிருந்தது என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊருக்கு வந்து, லீவில் வந்திருக்கிறேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். பகலெல்லாம் வீட்டில் இருந்தால் அம்மா கேள்வி கேட்பார் என்று பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டு டெலிவரி சலான் எழுதினேன். ஒன்பதாவது நாள் டர்னர் மாமா டீ வாங்கி வந்து ஸ்டூலில் வைத்தார். "1998-ல மில்லு மூடினப்ப நானும் பதினஞ்சு நாளு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வ.உ.சி. பார்க்குல போயி உக்காந்திருக்கறேன் பாப்பா" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரிதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

அந்த மாமாவின் பெயரைத்தான் ஷீட்டில் முதல் வரிசையில் போட்டு 405 நாள் என்று பெருக்கியிருந்தேன். கேமராவை ஆஃப் செய்துவிட்டுப் பேசியவரும் இப்படி ஒரு ஷீட்டைப் பார்த்துத்தான் பேசியிருப்பார். அவருக்கும் கூட்டல் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும்.

டர்னர் மாமா எங்களிடம் வந்த விதமே ஒரு மந்தத்தால்தான். தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பஞ்சாலைகள் மூடிக்கொண்டிருந்தன. ஆலை ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் கை தேர்ந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்பா அப்போதுதான் செகண்ட் ஹேண்ட் லேத் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். நல்ல காலத்தில் அப்படிப்பட்ட ஆள் எங்கள் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மாமாவுக்கு இப்போது மைக்ரோமீட்டர் கோடு சரியாகத் தெரிவதில்லை. ஆனால் டூல் மழுங்கிவிட்டதை மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிக்கும்போதே சொல்லிவிடுவார், சத்தத்தை வைத்து.

ஊரே அப்படித்தான் வளர்ந்தது என்று கடந்த ஆண்டு கோவை தினத்துக்கு ஒரு கட்டுரை எழுதும்போது தெரிந்துகொண்டேன். 1804 நவம்பர் 24-ம் தேதி மாவட்டம் உருவானதை வைத்து அந்த நாளைக் கொண்டாடுகிறோம். 1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலை, 1910-ல் லட்சுமி மில்ஸ் என்று ஆலைகள் முன்பே இருந்தன. ஆனால் மளமளவென்று பெருகியது 1930-களில். 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தத்தில் உலகமே படுத்துக் கிடந்த நேரம் அது. விளைபொருள் விலை விழுந்ததால் நிலத்திலும் வட்டியிலும் போட்டிருந்த பணத்தை ஆலைகளுக்குத் திருப்பினார்கள். அதே சமயத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கி, மலிவான மின்சாரம் கீழே இறங்கி வந்தது. ஆலை வந்ததால் ஆலைக்கு ஸ்பேர்ஸ் செய்யப் பட்டறை வந்தது. கிணற்றுக்குக் கரன்ட் வந்ததால் பம்பு வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இங்கேயே மின்சார மோட்டார் செய்தார்கள்.

இதைப் பெருமையாகத்தான் எழுதினேன். அப்பாவிடம் படித்துக் காட்டியபோது, "விளைச்சலுக்கு வெலையில்லாம போனதுல பணம் வெச்சிருந்தவன் மில்லு கட்டினான். பணம் இல்லாதவன்?" என்று கேட்டார். அவினாசிப் பக்கம் இருந்த ரெண்டு ஏக்கரை விற்றுவிட்டு மில்லில் கூலிக்குச் சேர்ந்தவர் என் கொள்ளுத் தாத்தா. அது என் கட்டுரையில் இல்லை.

சரி, செப்டம்பருக்கு வருகிறேன்.

எங்களுக்கு வேலை மட்டும் குறையவில்லை, செய்த வேலைக்கான பணமும் வரவில்லை. ஒரே கம்பெனியிடம் 1,80,000 ரூபாய் தொண்ணூறு நாளைத் தாண்டி நின்றது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. போதாததற்கு 2024 ஏப்ரலிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்றும் ஆக்கிவிட்டார்கள். இதைப் பற்றி எங்கள் இணையதளத்தில் நானே விளக்கி எழுதியிருக்கிறேன். "புகார் பண்ணலாம்ப்பா, போர்ட்டல் இருக்கு" என்று போனை நீட்டினேன்.

"பண்ணலாம். பணமும் வந்துரும். அடுத்த ஆர்டரை நீ குடுக்கறயா?"

அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள், போன வருடமே அப்பாவிடம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாராம்: "உத்யம் பதிவு இல்லாத பட்டறைகளா பாத்துக் குடுக்கச் சொல்றாங்கண்ணா மேல." சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களையே ஓரம்கட்டும் வழியையும் மூன்று மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அப்பா செய்ததெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு போன். "நாளைக்குச் சம்பளமுங்க" என்பார். அவ்வளவுதான். கெஞ்சவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வெள்ளிக்கிழமை கேட்டேன். லீவை நீட்டித்திருந்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை நாற்பதாயிரம் வந்தது.

அந்த நாற்பதாயிரம் வந்த அன்றைக்கு அப்பா மூன்று பேரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொன்னார். என் எக்ஸெல் ஷீட்டைத்தான். சிவப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எவ்வளவு வரவேண்டியிருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது, வாடகை எவ்வளவு, தான் எவ்வளவு எடுக்கிறார் எல்லாம். முதலாளி தன் கணக்கைத் தொழிலாளியிடம் காட்டுவது எங்கள் தெருவில் வழக்கமே இல்லை. பீகார் தம்பிக்கு நான் பாதி இந்தியில் சொன்னேன், மீதியை அவன் தமிழில் கேட்டான். வாரம் ஆறு நாளுக்குப் பதில் நாலு நாள், எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று முடிவானது. தேனி அக்கா மட்டும், "எனக்கு நாலு நாள் கட்டுபடியாகாதுண்ணே, மத்த ரெண்டு நாளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். அப்பா தெரிந்த ஒரு கிரைண்டர் யூனிட்டுக்குப் போன் போட்டுச் சேர்த்துவிட்டார்.

மிச்சம் இருந்த இரண்டு நாளில் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனார். அங்கே தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மில்கள் ஏராளம். மட்டையோடு மண்ணும் போவதால் மெஷினில் பீட்டரும் ஷாஃப்ட்டும் சீக்கிரமே தேய்ந்துவிடும். தேய்ந்தால் மில் நிற்கும், உடனே வேண்டும். ஐம்பது பீஸ், நூறு பீஸ் என்ற ஆர்டர் இல்லை, ஒன்று, இரண்டுதான். நுணுக்கமான வேலையும் இல்லை. மைக்ரானில் வேலை பார்த்த டர்னர் மாமா முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் நார் மில்காரர்கள் சாமானை வாங்கும்போதே காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 45 நாள் சட்டமெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கினோம். மூன்று லேத்துக்கும் சந்தனம் வைத்தோம், ஓடாத இரண்டுக்கும் சேர்த்து. தீபாவளிக்கு போனஸ் கொடுக்க வேண்டுமே என்று அம்மாவுக்கு வெசனம். எங்களைப் போன்ற மூன்று பேர் பட்டறைக்குச் சட்டப்படி போனஸ் கட்டாயமில்லை. ஆனால் கொடுக்காமல் இருந்துவிட்டு அடுத்த நாள் அதே முகத்தைப் பார்க்க முடியாது. போன வருடத்தில் பாதியைக் கொடுத்தார் அப்பா. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்காததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு ஊருக்குப் போன பீகார் தம்பி, நவம்பரில் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்றான். ஓட்டுப் போட்டான். விரலைக் காட்டி போட்டோ அனுப்பினான். கோவைக்கும் வந்தான். ஆனால் எங்களிடம் வரவில்லை. நகருக்கு வெளியே ஒரு சி.என்.சி. யூனிட்டில் மாதம் நாலாயிரம் கூட, பி.எஃப். உண்டு, ஆறு நாள் வேலை. போனில் அப்பாவிடம் "மாஃப் கீஜியே அண்ணா" என்று நாலு தடவை சொன்னானாம்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இவனுக்காகத்தானேப்பா உங்க சம்பளத்தை வெட்டினீங்க? நான் செப்டம்பர்லயே சொன்னேன்."

"அவன் போனது அவன் வழி. நா அனுப்பியிருந்தா அது என்ற வழி" என்றார் அப்பா. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை, இன்றைக்கும். அந்த இரண்டு மாதத்தில் அம்மா மளிகைக் கடையில் வைத்த பாக்கி 11,000 ரூபாய். அதை யார் வழியில் சேர்ப்பது? ஆனால் அந்த யூனிட்டிலிருந்து 'பையன் எப்படி?' என்று விசாரித்துப் போன் வந்தபோது, "நல்ல பையனுங்க, கை சுத்தமுங்க, லீவு சொல்லாம போட மாட்டானுங்க" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்ததையும் நான்தான் கேட்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் நிலைமை லேசாக மாறியது. பழைய கம்பெனி கொஞ்சம் ஆர்டர் அனுப்பியது. நார் மில் ஒன்றில் பார்த்துவிட்டு இன்னொரு நார் மில்காரர் வந்தார். இப்போது வேலை இருக்கிறது, ஆள் இல்லை. அப்பா போன் செய்தார்.

"போர்டைத் திருப்பிட்டேன் கண்ணு. ஆனா இப்பெல்லாம் யாரு போர்டப் பாத்து வர்றாங்க? நீ அந்த வாட்ஸ்அப்புல போட்டு உடு."

நான் டைப் அடித்தேன். 'கணபதியில் லேத் ஆபரேட்டர் தேவை. அனுபவம் 3 ஆண்டுகள்.' சம்பளம் என்ன போடுவது என்று கேட்டேன். "நேர்ல பேசிக்கலாம்னு போடு" என்றார். மாட்டேன் என்றேன். 'சம்பளம் தகுதிக்கேற்ப' என்று போட்ட இடங்களில் எல்லாம் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். பஸ் காசு நம்முடையது, அரை நாள் நம்முடையது, கடைசியில் அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்பி வருவதும் நாம். அப்பா யோசித்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். பத்து நிமிடம் பேசி, 'நாள் கூலி 750 முதல் 850 வரை' என்று போட்டோம்.

சாயந்திரத்துக்குள் பதினொரு போன். அதில் ஒருவர் திருப்பூரில் ஒரு யூனிட்டில் ஃபிட்டராக இருந்தவர், அதற்கு முன்பு லேத்தில் நின்றவர். வயது நாற்பதுக்கு மேல். அக்டோபரில் நிறுத்திவிட்டார்களாம். அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், நான் இன்னொரு லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளைக்கு வேலை இருக்குமுங்க?" என்று கேட்டார் அவர்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பின்னால் லேத் சத்தம் கேட்டது. "மூணு மாசத்துக்கு ஆர்டர் கையில இருக்குதுங்க. அதுக்கப்புறம் எனக்கே தெரியாதுங்க" என்றார்.

அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியாதுன்னு சொல்லீட்டீங்களே, அது போதுமுங்க. திங்கக்கெழமை வர்றேனுங்க."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போன் செய்தபோது அப்பா சரியாகப் பேசவில்லை. இரண்டு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "வந்துட்டாரு, வந்துட்டாரு. டர்னர் மாமன்தான் மெஷினைக் காட்டிட்டிருக்கறாரு. நா பொழுதோட கூப்படறேன்" என்று வைத்துவிட்டார்.